தவணை

பாணமையில் நாலு மணிக்கு எழுப்பினார்கள்.
அம்மன் கோயில் மணலில் கிடந்த மூட்டைகள்
ஒவ்வொன்றாக ஆளாகின.
முன்னால் வேல் போனது,
பின்னால் அரோகரா,
அதற்கும் பின்னால்
என் இருமல்.

மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குத்
தெரு என்பது இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு வெற்றிடம்.
நடக்கத் தொடங்கினால்தான் தெரிகிறது
கல்லுக்கும் மூக்கு உண்டு.
ஏழாம் நாள். வலது குதியில் ஒரு கொப்புளம்,
பழுத்த பாலைப்பழம் அளவு.

இந்தப் பாதையில் எல்லாரும் சாமி.
பேக்கரிக்காரர் சாமி,
பவுசர் ஓட்டுகிற பொடியனும் சாமி,
குறட்டை விடுகிறவர் குறட்டைச் சாமி.
என்னையும் சாமி என்கிறார்கள்.
வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேறு பேர்.
"லோன்காரன் வாறான்" என்று
படலைக்குப் படலை எனக்கு முந்திப் போய்விடும் அது.

வெளிச்சம் வந்தபோது கச்சான் காற்றும் வந்தது.
யானை லத்தியில் இன்னும் சூடு.
எல்லாரும் குரலைக் குறைத்தோம்,
வேலைத் தூக்கியவர் மட்டும் கூட்டினார்.

எனக்கு முன்னால் ஒருத்தி,
சிவப்புச் சேலையை முழங்கால் மட்டும் செருகி.
இடது பாதம் வெளிப்பக்கம் சாய்கிற நடை.
எங்கேயோ கண்ட நடை.
அரை மைல் யோசித்தேன்.
அம்பிளாந்துறை.
பூவரசம் வேலி,
முன்வாசலில் சின்னவன் ஒருவன்
"அம்மா இல்ல" என்கிறான்.
பின்வளவால் இதே நடை
வாழைகளுக்குள் போய் மறைகிறது.
சீற்றில் இருந்தபடியே ஹோர்ன் அடித்தேன்,
மூன்று தரம்.
வாழையிலை அசைந்து நிற்கும்வரை இருந்துவிட்டு
"வீட்டில் இல்லை" என்று எழுதினேன்.

அவள் திரும்பினாள்.
"சாமி, கால் நொண்டுது. இதில இருங்க."
வீரை மரத்து வேரில் இருந்தேன்.
தொப்பியைப் புருவம் மட்டும் இழுத்துக்கொண்டேன்.
மடியில் என் குதியை வைத்து,
கற்பூரத்தில் ஊசியைக் காட்டி
நூலோடு ஒரு பக்கத்தால் ஏற்றி
மறுபக்கத்தால் எடுத்தாள்.
"நோகுதா?"
"இல்ல."
அவளிடம் நான் சொன்ன முதல் பொய்.
அவளிடமிருந்து நான் எழுதிக்கொண்டவை
எத்தனை என்று எண்ணவில்லை.
"நூலை இழுக்கப்படா. நாளைக்குத் தன்பாட்டில வரும்."

மத்தியானம்,
மரத்தடியில் பீப்பாய் வைத்து
ஒரு சிங்களக் குடும்பம் விளாம்பழத் தண்ணி வார்த்தது.
குடியுங்கள் என்றார் அவர் சிங்களத்தில்.
இன்னொன்று என்றாள் அவளும் சிங்களத்தில்.
அந்த இரண்டாவது கோப்பையை
என் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

உகந்தையில் காட்டு இலாகா மேசை.
அங்கே சாமி செல்லாது, அடையாள அட்டை வேணும்.
"யோ-க-ம-லர்" என்று உடைத்து வாசித்தார் அலுவலர்.
கையெழுத்து வைத்தாள்.
கடைசி எழுத்தின் வால்
பெட்டியைத் தாண்டி அடுத்த பெட்டிக்குள் விழுகிற
அதே கையெழுத்து.
என் கொப்பியில் பதினேழு தடவை இருக்கிறது,
பிறகு வெறும் பெட்டிகள்.
இங்கே அடுத்த பெட்டி எனக்கு.
அவள் எழுத்தின் வாலுக்கு மேலேயே
என் பேரை எழுதவேண்டி வந்தது.

இரவு. பாறைக்கு அந்தப் பக்கம் கடல்
யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தது.
வாழையிலைத் துண்டில் சோறும்
சுட்ட கருவாடில்லாத வெறும் பருப்பும் கொண்டுவந்தாள்.
"இதக் கொப்பியில போட்டிராதீங்க மனே."

தொப்பியைக் கழற்றினேன்.
எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மூஞ்சிய நான் எங்க பாத்த?
வாழைக்குள்ள நிக்கேக்க
இருமல்தானே கேக்கிற."

சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.
நாங்கள் இரண்டு பேரும் தின்றோம்.
உகந்தையில் போனுக்குச் சிக்னல் இல்லை,
நாளைக்குக் காடு.
நாளைக்கு வெள்ளிக்கிழமையும்.
குதிக்குள் நூல் கிடக்கிறது,
இரண்டு முனையும் வெளியே.